உடம்பு குறித்துத் தரும் முகூர்த்தம்

திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதி. வெள்ளிக்கிழமை காலை. அம்பாள் சந்நிதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலம் போட்டுவிட்டுப் பிராகாரத்தில் வந்து உட்கார்ந்தாள் அந்தப் பெண். முப்பதை நெருங்கும் வயது. மடியில் நெய்ப் பிரசாதம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் தானாகவே பேச்சுக் கொடுத்தாள்.

‘‘கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சுக்கா. அவருக்கு ஹைதராபாத்துல வேலை. நான் கும்பகோணத்துல மாமனார் மாமியாரோட இருக்கேன். மாசத்துல மூணு நாள் லீவு போட்டுட்டு வருவார். சரியா பன்னிரண்டு, பதிமூணு, பதினாலாம் நாள். அதைக் கணக்கு பண்ணித்தான் டிக்கெட்டே எடுக்கறது. ஒரு மாசம்கூடத் தவறினதில்லை...’’

‘‘பதினாலாம் நாள்னு யாரும்மா சொன்னது?’’

‘‘ஒரு புஸ்தகத்துல படிச்சேன்.’’

‘‘உனக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை விலக்கு வரும்?’’

‘‘முப்பத்து நாலு நாள். முன்னப் பின்ன ஆகவே ஆகாது.’’

எனக்குத் திக்கென்றது. சில வாரங்களுக்கு முன்புதான் மகப்பேறு மருத்துவர் ஒருவரிடம் இந்த விஷயத்தை விரிவாகக் கேட்டுக் குறித்து வைத்திருந்தேன். அந்தக் கணக்குப்படி, 34 நாளுக்கு ஒருமுறை விலக்காகும் பெண்ணுக்குக் கருமுட்டை வெளிவருவது ஏறக்குறைய 20-ம் நாள். அதாவது, கணவர் ரயில் ஏறிப் போய் ஆறு நாள் கழித்து!

நாலு வருடம். நாற்பது மாதத்துக்கும் மேல். அத்தனை விரதம், அத்தனை பயணம், அத்தனை கண்ணீர். ஆனால், சேர வேண்டிய நாளில் அந்தத் தம்பதி அநேகமாக ஒருமுறைகூடச் சேர்ந்திருக்கவே இல்லை!

வாசகியரே... கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறோம். கிரகப்பிரவேசத்துக்கு முகூர்த்தம் குறிக்கிறோம். கடைக்குக் கிளம்பும்போதுகூட ராகு காலம் போய்விட்டதா என்று காலண்டரைப் பார்க்கிறோம். ஆனால், பிள்ளை வரம் கேட்கிற பெண்களில் எத்தனை பேர், தன் உடம்பு மாதாமாதம் குறித்துத் தருகிற முகூர்த்தத்தைப் பார்த்திருக்கிறோம்? அந்த முகூர்த்தத்தைப் பார்க்கும் பாடம்தான் இந்தக் கட்டுரை.

பக்திப் பத்திரிகையில் இதை எழுதலாமா?

எழுதலாம். எழுத வேண்டும். நம் சாஸ்திரம் சொல்லும் நாற்பது சம்ஸ்காரங்களில் முதலாவதே கர்ப்பாதானம்தான். பெயர் சூட்டுவது, அன்னம் ஊட்டுவது, பூணூல், கல்யாணம் எல்லாம் அதற்குப் பிறகுதான். சாந்தி முகூர்த்தத்துக்கு நாள் குறிக்கும்போது, பெண்ணின் அம்மாவைத் தனியே கூப்பிட்டு அவள் ‘குளித்த’ தேதியைப் பெரியவர்கள் கேட்டார்களே, அது வெறும் சம்பிரதாயத்துக்காக மட்டுமா?

மனு ஸ்மிருதியின் மூன்றாம் அத்தியாயம், மாதவிலக்கான நாளிலிருந்து பதினாறு இரவுகளைப் பெண்ணின் ‘ருது காலம்’ என்று கணக்கிடுகிறது. அவற்றில் முதல் நான்கு இரவுகளும், பதினொன்றாவதும் பதின்மூன்றாவதும் கூடாது. மற்ற பத்தும் உகந்தவை என்கிறது.

நம் தொல்காப்பியமும் சும்மா இல்லை. கற்பியலில் ஒரு நூற்பா. பரத்தையை நாடிப் பிரிந்து போன கணவன்கூட, மனைவிக்குப் பூப்பு வந்த பின் வரும் பன்னிரண்டு நாளும் அவளைப் பிரிந்து இருக்கக் கூடாது என்கிறது. இதற்கு உரை எழுதிய சான்றோர்கள், கருத்தரிப்பதோடு சேர்த்தே இதை விளக்குகிறார்கள். கல்லூரியில் இந்த நூற்பாவைப் படித்தபோது, கூச்சத்தில் வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது நினைவிருக்கிறது. தொல்காப்பியருக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு?

ஆனால், ஒன்றைக் கவனியுங்கள். பதினாறு இரவு, பன்னிரண்டு நாள் என்ற இந்தக் கணக்குகள் எல்லாம் 28 நாளையொட்டி விலக்காகும் பெண்ணுக்கு நன்றாகவே பொருந்தும். 34, 35 நாள் ஆகிறவளுக்கு? அவளுடைய நாள் பதினாறைத் தாண்டியும் இருக்கும். அங்கேதான் இன்றைய மருத்துவம் நமக்குத் துணைக்கு வருகிறது.

முன்னோக்கி அல்ல, பின்னோக்கி!

ஜப்பானில் நிகாட்டா என்ற ஊரில் ஒகினோ கியுசாகு என்று ஒரு மகப்பேறு மருத்துவர் இருந்தார். அவர் காலத்தில், கருமுட்டை எந்த நாளில் வெளிவருகிறது என்பதில் மருத்துவர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லை. கடைசி விலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணிப் பார்ப்பார்கள். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒவ்வொரு விடை வரும். ஒகினோ, அறுவை சிகிச்சையின்போது பெண்களின் சினைப்பையை நேரில் பார்த்து, அவர்களுடைய விலக்குத் தேதிகளோடு ஒப்பிட்டார். அப்போது தெரிந்தது சூட்சுமம். எண்ண வேண்டியது முன்னோக்கி அல்ல. அடுத்த விலக்கிலிருந்து பின்னோக்கி!

‘அடுத்த விலக்கு வருவதற்கு 12 முதல் 16 நாள் முன்பு கருமுட்டை வெளிவருகிறது’ என்று 1924-ல் அவர் எழுதினார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸ் என்ற மருத்துவரும் தனியே ஆராய்ந்து, கிட்டத்தட்ட இதே முடிவுக்கு வந்தார். பிற்காலத்தில் உலகம் இந்தக் கணக்கைக் குழந்தை வேண்டாம் என்பதற்கே அதிகம் பயன்படுத்திக்கொண்டது. ஆனால், கருத்தடைக்கு இதை நம்புவதை ஒகினோ ஏற்கவில்லை. பிள்ளை வேண்டுகிறவர்களுக்கு உதவவே அவர் விரும்பினார்.

இதன் அர்த்தம் என்ன? விலக்காகிக் கருமுட்டை வெளிவரும் வரையிலான முன்பாதி ஆளுக்கு ஆள், சில சமயம் மாதத்துக்கு மாதம்கூட, நீளும், குறுகும். கருமுட்டை வெளிவந்து அடுத்த விலக்கு வரையிலான பின்பாதி பெரும்பாலும் 14 நாளையொட்டியே இருக்கும். ‘பதினாலு’ என்ற எண் இங்கிருந்துதான் வந்தது. அதை முன்பாதியில் கொண்டுபோய் வைத்ததுதான் நம் கும்பகோணத்துப் பெண்ணுக்கு நேர்ந்த பிசகு.

தேர் வரும் முன்பே வீதியில் நிற்க வேண்டும்

இனி அடுத்த சூட்சுமம். வெளிவந்த கருமுட்டை உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம் மட்டுமே. ஆனால், விந்தணு பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரைகூட உயிரோடு காத்திருக்கும்.

தேரோட்டம் பார்க்கப் போகிறோம். தேர் நம் வீதியைக் கடப்பது சற்று நேரம்தான். முன்பே போய் நின்றவர்களுக்குத் தரிசனம் உண்டு. தேர் நிலைக்கு வந்த பிறகு ஓடிப் போய்ப் பயனில்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். கருமுட்டை வெளிவரும்போது, விந்தணுக்கள் ஏற்கெனவே கருக்குழாயில் காத்திருக்க வேண்டும்.

1995-ம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. கருத்தரிக்க விரும்பிய 221 பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கருமுட்டை வெளிவரும் நாளோடு முடிகிற 6 நாட்களுக்குள் உறவு இருந்தபோது மட்டுமே கரு உண்டானது. அந்த ஆறில் முதல் நாளில் பத்தில் ஒரு பங்கு வாய்ப்பு. கடைசி நாட்களில் மூன்றில் ஒரு பங்கு வரை. கருமுட்டை வெளிவந்த மறுநாளிலிருந்து ஒன்றுமே இல்லை!

ஆக, மாதத்தில் ஆறு நாள். அதிலும் கடைசி மூன்று நாள் மிக முக்கியம்.

உங்கள் கணக்கைப் போடுங்கள்

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். சமையலறையில் பால் கணக்கும், சிலிண்டர் மாற்றிய தேதியும் எழுதி வைப்போமே, அந்தக் காலண்டரே போதும். விலக்கான முதல் நாளில் ஒரு சின்னப் புள்ளி. அதுதான் உங்கள் முதலாம் நாள். தலைக்குக் குளிக்கும் நாளை முதலாம் நாளாக எண்ணிவிடாதீர்கள். பலர் செய்யும் தவறு இது. ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்கு முந்தின நாள் வரை எத்தனை நாள்? அதில் 14-ஐக் கழியுங்கள். அது கருமுட்டை வெளிவரும் உத்தேச நாள். அந்த நாளும், அதற்கு முந்தின ஐந்து நாளும் உங்கள் முகூர்த்த நாட்கள்.

24 நாளுக்கு ஒருமுறை வருகிறதா? 5-ம் நாள் முதல் 10-ம் நாள் வரை.

26 நாள் என்றால், 7 முதல் 12 வரை.

28 நாள் என்றால், 9 முதல் 14 வரை.

30 நாள் என்றால், 11 முதல் 16 வரை.

34 நாள் என்றால், 15 முதல் 20 வரை.

‘எனக்கு மாதத்துக்கு மாதம் மாறுகிறதே’ என்கிறீர்களா? ஆறு மாதம் குறித்து வையுங்கள். இருப்பதிலேயே குறைந்த நாளில் 18-ஐக் கழியுங்கள். அதிக நாளில் 11-ஐக் கழியுங்கள். உதாரணமாக, ஒரு மாதம் 27 நாள், இன்னொரு மாதம் 33 நாள் என்றால், 9-ம் நாள் முதல் 22-ம் நாள் வரை. கொஞ்சம் நீளம்தான். அந்த நாட்களில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கணவன் மனைவி சேர்ந்திருந்தால் போதும்.

கைபேசியில் இப்போது இதற்கென்றே செயலிகள் வந்துவிட்டன. வைத்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால், அவற்றில் பலவும் நீங்கள் தருகிற தேதிகளைக் கொண்டு உத்தேசமாகச் சொல்பவைதான். உங்கள் உடம்பை அவை பார்ப்பதில்லை. உடம்பே சொல்லும் சேதிகளையும் கேட்க வேண்டும்.

உடம்பு சொல்லும் சேதி

முதல் சேதி, வெள்ளைப்படுதல். விலக்கு முடிந்த சில நாட்களுக்கு வறட்சியாக இருக்கும். பிறகு பிசுபிசுப்பு. கருமுட்டை வெளிவரும் நாள் நெருங்க நெருங்கத் தண்ணீர்போலத் தெளிவாக, வழவழப்பாக மாறும். வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தியில் நூல்போல இழுபடுமே, அதுபோல விரல்களுக்கிடையே அறுபடாமல் நீளும். ‘உடம்பில் ஏதோ கோளாறு’ என்று பல பெண்கள் பயந்துபோகிற இந்த வழவழப்புதான், உண்மையில் நல்ல சேதி! விந்தணு நீந்திப் போக உடம்பு போடுகிற பாதை அது. ஆஸ்திரேலியாவின் ஜான் பில்லிங்ஸ், ஈவ்லின் பில்லிங்ஸ் என்ற மருத்துவத் தம்பதி, இந்த ஒரு அடையாளத்தை வைத்தே பெண்களுக்கு நாள் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். வழவழப்பு தெரியத் தொடங்கிய நாளிலிருந்து, அது நிற்கும் வரை உங்கள் நாட்களே. ஆனால், நாற்றமோ, அரிப்போ, தயிர்போல் திரிந்தோ இருந்தால் அது வேறு, மருத்துவரைப் பாருங்கள்.

இரண்டாவது, உடல் சூடு. கருமுட்டை வெளிவந்த பிறகு, காலையில் எழுந்தவுடன் இருக்கும் உடல் சூடு சிறிது கூடும். அரை டிகிரி செல்சியஸுக்குள்தான். ஆனால், இது ‘தேர் போய்விட்டது’ என்று சொல்லும் சேதி. அந்த மாதத்துக்கு உதவாது. அடுத்தடுத்த மாதங்களைக் கணிக்க உதவும்.

மூன்றாவது, மருந்துக் கடையில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட். சிறுநீரில் வைத்துப் பார்க்கும் பட்டை. அது காட்டிய பிறகு ஏறக்குறைய 24 முதல் 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளிவரும். அன்றும் மறுநாளும் தவறவிடக் கூடாத நாட்கள். சினைப்பையில் நீர்க்கட்டி, அதாவது பி.சி.ஓ.எஸ். பிரச்னை இருப்பவர்களுக்கு இந்தப் பட்டை தப்பாகவும் காட்டலாம். அவர்கள் மருத்துவரிடம் ஸ்கேன் மூலம் தெரிந்துகொள்வதே நல்லது.

விரத நாளும் அந்த நாளும்

இப்போது, நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயத்துக்கு வருவோம்.

செவ்வாய் கூடாது. வெள்ளி கூடாது. அமாவாசை, பௌர்ணமி, சஷ்டி, கிருத்திகை, ஏகாதசி, பிரதோஷம்... ஒரு மாதத்தில் இவற்றையெல்லாம் கழித்தால் மீதி எத்தனை? பாதிகூடத் தேறாது! ‘சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்ற பழமொழியை, ‘சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்’ என்று நம்பிக்கையோடு சொல்லி விரதமிருக்கிறோம். அந்த சஷ்டியே அவளுடைய ஆறு நாளுக்குள் வந்தால் என்ன செய்வது?

பதற வேண்டாம். சாஸ்திரமே வழி வைத்திருக்கிறது. மனு ஸ்மிருதி விலக்கச் சொல்வது அமாவாசை, பௌர்ணமி, அஷ்டமி, சதுர்த்தசி ஆகிய பருவ நாட்களைத்தான். விலக்க வேண்டிய இரவுகளை விலக்கி, உரிய இரவுகளில் மனைவியோடு சேர்கிறவன் பிரம்மசாரிக்கு நிகரானவன் என்றும் அதே நூல் சொல்கிறது. ருது காலத்தில் சேர்வது விரத பங்கம் அல்ல. இல்லறத்தானின் கடமை என்பதே அதன் சாரம்.

மருத்துவக் கணக்கும் இதற்கு இடம் தருகிறது. ஆறு நாளும் சேர வேண்டும் என்பதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தாலே ஏறக்குறைய அதே பலன். உங்கள் ஆறு நாள் ஞாயிறு முதல் வெள்ளி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாயும் வெள்ளியும் போனாலும் ஞாயிறு, திங்கள், புதன், வியாழன் இருக்கிறதே! விந்தணு ஒன்றிரண்டு நாள் காத்திருக்கும் என்பதால், நடுவில் ஒரு விரத நாள் வந்தால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. ஆறு நாளில் நாலைந்து நாள் விரதமாகவே போய்விடுகிற மாதம்தான் கை நழுவிய மாதம். அப்படி வந்தால், பூஜையும் ஒரு வேளை உணவும் வைத்துக்கொண்டு மற்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தலாமா என்று உங்கள் வீட்டுப் பெரியவரையோ, வாத்தியாரையோ கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.

ஆடி மாதத்தில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகிறோம். ஆடியில் கரு உண்டானால் சித்திரை வெயிலில் பிரசவமாகுமே என்ற கரிசனம் அது. புதுமணத் தம்பதிக்கு ஒரு மாதம் பெரிதல்ல. ஆனால், நாலைந்து வருடமாகக் காத்திருப்பவர்களை, முப்பத்தைந்தைத் தொட்டவர்களை ஆடியின் பெயரால் பிரிக்காதீர்கள். சபரிமலைக்கு மாலை போட்டால் 41 நாளோ 48 நாளோ விரதம். குறைந்தது ஒரு மாத வாய்ப்பு, சில சமயம் இரண்டு போய்விடும். வயது கூடிய தம்பதியானால், அந்த ஓர் ஆண்டு தள்ளி வைப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஐயப்பன் அறியாததா?

மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. வெளியூரிலிருந்து மகன் இரண்டு நாள் லீவில் வந்தால், அந்த இரண்டு நாளும் உறவுக்காரர் வீட்டு விசேஷம், குலதெய்வம் கோயில் என்று அலைக்கழிக்காதீர்கள். ‘இந்த மாசமாவது உண்டா?’ என்று நாள் எண்ணிக் கேட்காதீர்கள். வீட்டில் கொஞ்சம் தனிமை கொடுப்பதும் பேரப்பிள்ளைக்கான பிரார்த்தனைதான்.

தோழியருக்கு ஒரு யோசனை. ‘இன்னிக்குத்தான் நாள்’ என்று கணவரிடம் பரீட்சை தேதிபோல அறிவிக்காதீர்கள். அந்த நெருக்கடியிலேயே அவர் தளர்ந்துபோகக்கூடும். நாள் உங்கள் மனதில் இருக்கட்டும்; அன்பு முன்னால் நிற்கட்டும்.

சில சந்தேகங்கள்

‘நல்ல நாளுக்காக அதுவரை விலகியே இருந்தால் சக்தி கூடுமா?’

கூடாது. ஐந்து நாளுக்கு மேல் விலகியிருந்தால் விந்தணுவின் தரம் குறையக்கூடும். தினமும் சேர்ந்தாலும், ஆரோக்கியமான ஆணுக்குக் குறை ஏற்படுவதில்லை.

‘உறவுக்குப் பின் காலை உயர்த்திப் படுக்க வேண்டுமா?’

அப்படிச் செய்தால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. விந்தணுக்கள் சில நிமிடங்களிலேயே உள்ளே பயணப்பட்டுவிடும். ஆனால், எண்ணெய், எச்சில், கடையில் விற்கும் சில வழவழப்புக் களிம்புகள் விந்தணுவைப் பாதிக்கலாம், தவிருங்கள்.

‘நாள் கடந்த பிறகு உறவு வைத்தால் கரு கலையுமா?’

இல்லை. அந்தப் பயம் வேண்டாம்.

‘இரட்டைப்படை இரவில் சேர்ந்தால் ஆண் குழந்தையாமே?’

பழைய நூல்களில் அப்படி உண்டு. ஆனால், ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் விந்தணு, நாள் அல்ல. அம்பாள் எதைக் கொடுத்தாலும் வரம்தானே!

‘கரு தங்கும் முன் ஏதாவது மருந்து உண்டா?’

ஃபோலிக் அமில மாத்திரை. தினமும் 400 மைக்ரோகிராம். கருத்தரிக்க முயலும்போதே தொடங்கி, கரு உண்டான முதல் மூன்று மாதம் வரை. குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டைத் தடுக்க இது உதவும். வலிப்பு, சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கு அளவு மாறும், மருத்துவரிடம் கேளுங்கள். உடல் எடை அதிகம் குறைந்தாலும், அதிகம் கூடினாலும் கருமுட்டை வெளிவருவது தடைப்படலாம். ஆகவே, பட்டினி விரதத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது மருத்துவரிடம்?

எல்லாம் சரியாக இருக்கிற இளம் தம்பதிக்கும், ஒரு மாதத்தில் கரு உண்டாகும் வாய்ப்பு ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான். ஆகவே, இரண்டு மூன்று மாதம் நாள் பார்த்தும் பலன் இல்லை என்றால் சோர்ந்துவிட வேண்டாம். ஆனால், காத்திருப்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. 35 வயதுக்குள் இருந்தால் ஒரு வருடம். 35-ஐக் கடந்திருந்தால் ஆறு மாதம். அதற்கு மேல் காத்திருக்காதீர்கள்.

21 நாளுக்குள் விலக்கு வருவது, 35 நாளைத் தாண்டுவது, பல மாதம் வராமலே இருப்பது, விலக்கின்போது தாங்க முடியாத வலி, தைராய்டு, முன்பு காசநோய் வந்தது, அடிவயிற்றில் அறுவை சிகிச்சை நடந்தது... இவற்றில் ஏதாவது இருந்தால் இப்போதே போகலாம். கணவருக்கு வாலிப வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து விதைப்பை வீங்கியிருந்தாலும் அப்படித்தான்.

போகும்போது இருவரும் சேர்ந்து போங்கள். நம் வீடுகளில் நாலைந்து வருடம் பெண்ணுக்கே ஸ்கேன், ஊசி, மருந்து என்று எல்லாம் செய்துவிட்டு, கடைசியில்தான் ஆணைக் கூப்பிடுகிறார்கள். ஆணுக்கான விந்துப் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. 2 முதல் 7 நாள் விலகியிருந்து கொடுத்தால் போதும். முதலிலேயே செய்ய வேண்டியது அது. திருக்கருகாவூர் நெய்ப் பிரசாதத்தையே பாருங்கள். 48 நாள், இரவில், கணவனும் மனைவியும் இருவரும் உண்ண வேண்டும் என்பதுதானே வழக்கம்? பெண் மட்டும் உண்டால் போதும் என்று அம்பாள் சந்நிதியில் யாரும் சொல்லவில்லையே!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகில் ஆறு பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் கருத்தரிப்பதில் தடை ஏற்படுகிறது என்று 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. இது யாருடைய பாவமும் அல்ல. எந்தப் பெண்ணையும் இதைக் காட்டி வளைகாப்புக்கோ, மஞ்சள் குங்குமத்துக்கோ அழைக்காமல் ஒதுக்காதீர்கள்.

அன்று பிராகாரத்தில், அந்தப் பெண்ணின் நெய் டப்பாவைக் கட்டியிருந்த காகிதத்தின் பின்புறமே கணக்கு எழுதிக் கொடுத்தேன். 34-ல் 14 போனால் 20. பதினைந்து முதல் இருபது வரை. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், ‘‘அப்போ இத்தனை நாளும்...’’ என்று தொடங்கியவள், முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏழெட்டு மாதம் கழித்து அவளிடமிருந்து போன் வந்தது. ‘‘இன்னும் விசேஷம் இல்லக்கா’’ என்றாள் முதலில். எனக்குச் சங்கடமாகிவிட்டது. ஆனால், அவள் குரலில் அன்றைய சோர்வு இல்லை. ‘‘நான் இப்போ ஹைதராபாத்துக்கே வந்துட்டேன். மாமியார்தான் ‘போம்மா’ன்னு அனுப்பி வெச்சாங்க. நாள் தவறாமப் பார்க்கறோம். போன வாரம் ரெண்டு பேருமே டாக்டர்கிட்ட போயிட்டு வந்தோம். அவர் டெஸ்ட் குடுத்துட்டார், முகம் சுளிக்கவே இல்லை. நெய்யும் ரெண்டு பேரும் சாப்பிடறோம். இனி ஒரு மாசம்கூட வீணாப் போகாதுக்கா...’’

வாசகியரே... இன்று மாலை விளக்கேற்றிய பிறகு, அந்தச் சமையலறைக் காலண்டரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். போன மாதம் எந்தத் தேதி? இந்த மாதம் எந்தத் தேதி? எண்ணுங்கள். பதினாலைக் கழியுங்கள். வேண்டுதலை அம்பாளிடம் வையுங்கள். நாளை நீங்கள் தவறவிடாதீர்கள். கருகாவூர் நாயகி உங்கள் மடி நிறைக்கட்டும்!